தவக்கால ஒருசந்தியும் தினநடையும்: அன்பியத்துக்கு ஒரு திட்டம் சொல்லுங்கள்

அன்பியப் பொறுப்பாளர்:
இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) 22 குடும்பங்கள். பெரும்பாலும் 35 முதல் 65 வயது. பாதிப் பேர் சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள். தவக்காலத்தில் ஒருசந்தியோடு தினமும் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. மூன்று சந்தேகங்கள். சுகர்காரர்கள் ஒருசந்தி இருக்கலாமா? செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தால் அது மரியாதைக் குறைவா? வருஷாவருஷம் உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணியோடு எல்லாம் நின்றுவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

மருந்துக்கடை மேசை:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும் வரைதான் அந்தக் கடமை. நோயாளிக்கு அதுவும் இல்லை. ஆகவே சுகர்காரர் ஒருவர் "சாமி கோபித்துக்கொள்வார்" என்று பயந்து பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஒருசந்தி என்றாலே முழுப் பட்டினி என்று நினைப்பதும் தப்பு. ஒரு முழுச் சாப்பாடு, அதோடு சிறிதாக இரண்டு வேளை. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

மாத்திரைக்கு மாத்திரை ஆபத்து வேறு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சுகர் ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்தான் கவனிக்க வேண்டியவர். இவை சாப்பாடு உள்ளே போனதா இல்லையா என்று பார்ப்பதில்லை, தம் பாட்டுக்குச் சுகரை இறக்கிவிடும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் சிலுவைப்பாதைக்கு (இயேசுவின் பாடுகளை 14 ஸ்தலங்களில் நின்று தியானிக்கும் செபம்) வந்து நிற்பவர் ஏழாம் ஸ்தலத்துக்குள் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் அதை பக்திப் பரவசம் என்று நினைத்துவிடக்கூடாது. மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்கள் வெறும் வயிறும் தாகமுமாக இருந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும். மோசமான விஷயம் என்னவென்றால் அப்போது சுகர் அளவு அதிகம் ஏறாமலே இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் "காலியா இருக்கிற வயிறு, அதான்" என்று விடவேண்டாம்.

மாத்திரை அளவைத் தானாகக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

நெல்லை சபையான்:
ஸ்தோத்திரம் ஐயா. தவக்காலத்தை எங்கள் சபையில் லெந்து நாட்கள் என்போம், விஷயம் ஒன்றுதான். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்ற வசனத்தை எடுத்துப் போடுகிறார்கள். பவுல் அதைக் கொரிந்து சபையாருக்கு வேசித்தனத்தைக் கண்டித்து எழுதினார், தொப்பையைப் பற்றி அல்ல. உடம்பு நம் சொத்தல்ல என்ற அளவுக்கு அது பொருந்தும். அதற்குமேல் இழுத்தால் குண்டாக இருப்பவரைக் குற்றவாளியாக்குவதில் போய் முடியும். "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்பதையும் சோம்பேறிகள் பிடித்துக்கொள்வார்கள். அற்பம் என்றால் கொஞ்சம். ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால் 1 இராஜாக்கள் 19 போதும். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான், பயணம் நெடுந்தூரம் என்றான். உங்கள் திட்டத்தில் தூக்கத்தையும் சேருங்கள். வெள்ளி முழு இரவு ஜெபம் இருந்தால் சனிக்கிழமை காலை நடை வேண்டாம்.

மைதானச் சுற்று:
சகோதரி, செபமாலையும் நடையும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்தும், மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. 53 மணி செபமாலையும் மன்றாட்டுமாலையும் சேர்ந்தால் சுமார் 25 நிமிடம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது கேட்பதும் அதையேதான்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம். ஒருவர் "அருள் நிறைந்த மரியே" சொல்ல, மற்றவர்கள் "புனித மரியே" பகுதியைச் சொல்லட்டும். அந்தப் பாதியை ஒரே மூச்சில் முடிக்க முடிந்தால், ஆனால் பாட்டாகப் பாட முடியாவிட்டால், வேகம் சரி. "இறைவனின் தாயே" என்னும் இடத்திலேயே மூச்சு வாங்கினால் குறையுங்கள். பாட்டும் சுலபமாக வந்தால் அது உலாத்தல்தான். முதல் பத்து மணியை மெதுவாகத் தொடங்குங்கள், கடைசிப் பத்திலும் அப்படியே. நெஞ்சில் பாரமோ அழுத்தமோ வந்தால் அந்த மணியோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இருட்டோடு ரோட்டில் கூட்டமாகப் போகாதீர்கள், கோயில் மைதானத்தையே சுற்றுங்கள். பக்தி என்று செருப்பைக் கழற்றுவார்கள். சுகரால் பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தினதே தெரியாது, மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். அவர்கள் கட்டாயம் செருப்போடுதான் நடக்க வேண்டும், இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

சிலுவைப்பாதையில் 14 தடவை முழந்தாளிட்டு எழ வேண்டுமே, மூட்டுவலிக்காரர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். தொடைத் தசையில் பலம் இல்லாததும் ஒரு காரணம். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, பத்துத் தடவை, இரண்டு சுற்று. முடியாதவர் பெஞ்சிலேயே அமர்ந்து செபிக்கட்டும்.

சமையற்கட்டு:
சுத்தபோசனம் என்று கறியை விட்டுவிட்டு, பஜ்ஜி, வடை, உருளைக்கிழங்கு வறுவல், அதோடு இரண்டு மடங்கு சோறு. எடை ஏறுவது இப்படித்தான். காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் புரதம் 10 கிராம் கிடைக்கும். கோயில் கஞ்சிக்கு அரிசி இரண்டு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு போடுங்கள். வெறும் அரிசிக் கஞ்சி சுகரைச் சட்டென்று ஏற்றிவிட்டு சீக்கிரம் பசியையும் கொண்டுவரும். தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று வைத்தால் பிரஷர்காரர்களுக்கு உப்பு எகிறும். துவையல் போதும், அதிலும் உப்பைக் கையடக்கமாக.

அன்பியப் பொறுப்பாளர்:
எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே?

மைதானச் சுற்று:
விட்டுப்போச்சு, மன்னியுங்கள். முடிவு நாளைத் தள்ளிவையுங்கள். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் கிட்டத்தட்ட 66 நாள் என்று வந்தது, அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். அதாவது பழக்கம் பிடிக்கிற நேரத்துக்கு முன்பே நாம் கொண்டாடிவிடுகிறோம். உயிர்ப்பு முதல் பெந்தகோஸ்து வரை இன்னும் 50 நாள் இருக்கிறது. ஒருசந்தி உயிர்ப்போடு முடியட்டும், அது தவம். நடையைத் தவம் என்று அறிவிக்கவே வேண்டாம், செபமாலை என்றே அறிவியுங்கள். பெந்தகோஸ்து வரைக்கும் யார் வீட்டு முறை எந்த நாள் என்று இப்போதே பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள். உயிர்ப்புத் திங்களுக்கு முதல் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும், அன்றைக்குத்தான் யாரும் வரமாட்டார்கள்.