புதுப்பிப்பு: நாதஸ்வர சிடிக்களின் வரிசை சரியாகிவிட்டது

அப்பா கும்பகோணத்தில் சேர்த்து வைத்திருந்த நாதஸ்வர சிடிக்களைக் கணினியில் ஏற்றினால், முதல் டிராக்குக்கு அடுத்து பத்தாவது ஓடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோளாறு கோப்புப் பெயரில்தான். எழுத்து வரிசையில் அடுக்கினால் 1, 10, 11 எல்லாம் வந்த பிறகுதான் 2 வரும். ரிப் செய்யும்போதே, அதாவது சிடியிலிருந்து கணினிக்குக் கோப்பாக எடுக்கும்போதே, பெயரின் முன்னால் 01, 02 என்று வரும்படி மாற்றினேன். ஆடியோ சிடியில் அதிகபட்சம் 99 டிராக் என்பதால் இரண்டு இலக்கம் போதும். இரட்டை சிடி என்றால் 1-01, 2-01. கோப்புக்குள் பாடல் விவரங்கள் இருக்கும் டேக்கிலும் டிராக் எண், டிஸ்க் எண் இரண்டையும் நிரப்பிவிட்டேன்.

அப்புறம் காரில் மறுபடியும் கலைந்தது. அந்த பிளேயர் பெயரைப் பார்ப்பதே இல்லை, பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் எடுக்கிறது. ஃபார்மேட் செய்து, 01 முதல் ஒவ்வொன்றாக நகலெடுத்ததும் தீர்ந்தது.

நேற்று திருவையாறு போகும் வழியில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரிதான் (கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) முதலில் எழுந்தது. ஆலாபனை முடிந்த கையோடு அதே ராகத்தின் கீர்த்தனை வந்தபோது, பின் இருக்கையில் அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.