துரு எடுத்த பொறிக்குச் சாயமா, மையா?

மொழிபெயர்ப்பாளர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். விலங்கு பிடிக்கும் எஃகுப் பொறிகளைப் பராமரிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரே ஓர் இயல்தான் நிற்கிறது. துரு நீக்கிய பொறியை மரச்சீவலோ வால்நட் கொட்டையின் மேல்தோலோ போட்ட நீரில் கொதிக்கவிட்டுக் கறுக்கச் செய்கிறார்கள். இதைச் 'சாயமேற்றல்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர், "இரும்புக்கு யார் சாயம் போடுவார்கள்? வண்ணம் பூசுதல் என்று மாற்றவும்" என்று ஓரத்தில் குறித்துவிட்டார். இங்கே பூச்சே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. "துருவை முழுவதும் நீக்குக" என்ற வாக்கியத்துக்கு அடுத்த பக்கத்திலேயே "லேசாகத் துருப்பிடிக்க விடுக" என்று வருகிறது. அங்கே 'முரண்' என்று சிவப்பு மை. முரண் இல்லை. செதில் செதிலாக உரியும் பழைய துரு ஆகாது. ஆனால் எண்ணெய் போகக் கழுவிய வழவழப்பான எஃகிலும் நிறம் நிற்காது. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும் அளவுக்கு மெல்லிய துரு வேண்டும். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்தால் நான் பிழைத்தேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சாயத்துக்குப் பிறகு வருவோம். 'பொறி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே தவறு. நற்றிணை 119ஆம் பாட்டில் தினைப்புனம் காப்பவன் காட்டுப்பன்றிக்கு வைப்பது 'சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்'. கருவியின் பெயர் அடார். அதைத் தட்டிவிடுகிற சிறு உறுப்புத்தான் பொறி. நாம் உறுப்பின் பெயரை முழுக்கருவிக்குக் கொடுத்துவிட்டு, உறுப்புக்குப் பெயரில்லாமல் 'விசை' என்று தடுமாறுகிறோம். 'அடார்ப் பேணல்' என்று தலைப்பு வையுங்கள்.

துருவுக்கு 'களிம்பு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது செம்பில் ஏறுவது.

பட்டறைக்காரர்:

ஐயா, அந்த அடார் கல்லால் ஆனது. கல் துருப்பிடிக்காது. எலிப்பொறி என்று எல்லோரும் சொல்லும்போது பொறியே இருக்கட்டும். கம்பிப் பிரஷும் உப்புத்தாளும் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் இந்தக் கையேடு. அவன் அகராதியைத் தேடி ஓட மாட்டான். 'கறுப்பேற்றுதல்' என்று எழுதிவிட்டு உறங்கப் போங்கள்.

வேதியியல் ஆசிரியை:

நடப்பது என்ன என்று பார்த்தால் சொல் தானே வரும். பட்டையிலும் தோலிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், துருவிலுள்ள இரும்போடு கூடி நீலம் கலந்த கறுப்பான இரும்பு டானேட்டாகிறது. செந்துருவே கறுப்பாக மாறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்து எழுதும் மை இதே வினையால் வந்ததுதான். ஆகவே என் வாக்கு 'மையூட்டல்'. ஓரெழுத்து வேர், பழஞ்சொல், கறுப்பு என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. சாயம் என்றால் வெளுக்கும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். துத்தநாகம் பூசிய பொறியில் ஏன் இது பிடிப்பதில்லை என்பதும் 'மை' என்றால் விளங்கிவிடும்: மேலே இரும்பு இல்லை, அதனால் மையும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, கையேடு முதலில் சொல்வது லாக்வுட் மரச்சீவலை. அதில் நிறம் தருவது ஹீமட்டாக்சிலின். திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்க அதைப் பயன்படுத்தும்போது 'சாயமேற்றல்' என்றுதானே எழுதுகிறோம்? அங்கும் அலுமினியமோ இரும்போ நிறமூன்றியாக, அதாவது சாயத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளாக, வேண்டியிருக்கிறது. துணிக்குச் சாயம் போடுகிறவர் நிறமூன்றியைத் தனியாகச் சேர்க்கிறார். இங்கே பொருளே நிறமூன்றி. அப்படியானால் சாயம் என்பதில் என்ன பிழை?

வேதியியல் ஆசிரியை:

பிழை என்று சொல்லவில்லை. பாதி உண்மை என்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டானின் என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்கிறேன்: 'துவர்' இருக்க டானின் எதற்கு? 'துவரேற்றம்' என்றால் வினையும் வந்துவிடும், சுவையும் வந்துவிடும். துவட்டுதலும் இந்த வேரே என்பது என் துணிபு. ஈரம் வாங்கி இறுக்குவது துவர். நாக்கை இறுக்குவதும் அதுவே.

பட்டறைக்காரர்:

துவராடை காவி, துவர்வாய் பவளச் சிவப்பு. துவரேற்றினால் பொறி சிவந்தல்லவா வர வேண்டும்? சிவப்பைப் போக்கத்தானே இத்தனை பாடு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். அடாரை விடமாட்டேன். ஆனால் அந்த மெல்லிய துருவுக்கு ஒரு சொல் தருகிறேன், மறுக்காதீர்கள். நீறு பூத்த நெருப்பு என்கிறோம், உப்புப் பூத்த சுவர் என்கிறோம். மேலே மெல்லப் படர்வது பூத்தல். ஆகவே 'துருப்பூத்தல்'. செதிலாக உரிவது 'செதில்துரு'.

பட்டறைக்காரர்:

இது நன்றாக இருக்கிறது. கேட்டவுடன் கண்ணில் தெரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

ஞாயிறு இரவு பதினொன்று. கணக்கு இதுதான்: சாயமேற்றல் மூன்று, மையூட்டல் ஒன்று, 'எதையாவது போடுங்கள்' இரண்டு. 'சாயமேற்றல்' என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'இது பூச்சு அன்று. துருவோடு கூடிக் கறுக்கும் சாயம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். துருப்பூத்தலும் செதில்துருவும் அப்படியே போகின்றன. முரண் என்ற சிவப்பு மை இனி இருக்காது. கடைசிப் படியான மெழுகில் முக்குதலுக்கு 'மெழுகேற்றல்' என்று எழுதியதை யாரும் கேள்வியே கேட்கவில்லை. அதை நினைவூட்டியது தவறோ என்று இப்போது அஞ்சுகிறேன்.

வேதியியல் ஆசிரியை:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் வகுப்பில் மையூட்டல்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மெழுகு 'ஏறுமா', 'படியுமா' தம்பி?