புதுச்சேரிப் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் தனி வாரியம் வேண்டுமா?

வைத்திக்குப்பத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நம் ஊரில் காசு கொடுக்காமல் போய் உட்கார, ஓட, விளையாட இருக்கிற இடங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. தாவரவியல் பூங்கா வேளாண் துறையிடம் இருக்கிறது. சுண்ணாம்பாறு படகுத்துறை சுற்றுலாவிடம். பள்ளி மைதானங்கள் கல்வித் துறையிடம். தெருவோரச் சின்னப் பூங்காக்கள் புதுச்சேரி, உழவர்கரை என்று இரண்டு நகராட்சிகளுக்கு இடையே பிரிந்து கிடக்கின்றன. எங்கள் பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குகிறது. ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னால் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். நகரத்துப் பூங்கா, மைதானம், கடற்கரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தனி வாரியம் வேண்டாமா? எந்த இடத்தில் என்ன வரலாம், யாருக்கு வாடகைக்கு விடலாம், எது வரவே கூடாது என்று அந்த வாரியம் மக்கள் முன்னால் கூட்டம் போட்டு முடிவு எடுக்கட்டும். தனி நிதி இருக்கட்டும், வருடா வருடம் கணக்கை வெளியிடட்டும். ஏஎஃப்டி பஞ்சாலையை 2020-ல் மூடினார்கள். அதன் திடலில் 2024-ல் புது பஸ் ஸ்டாண்டு வேலை நடந்தபோது பஸ்கள் நின்றன. அவசரத்துக்குச் செய்தது, தப்பில்லை. ஆனால் நகரத்தின் நடுவில் இருக்கிற அவ்வளவு பெரிய திடல் நாளைக்கு என்ன ஆகும் என்று எந்தக் கூட்டத்தில் பேசப் போகிறார்கள்?

உழவர்கரை வாக்காளர்:
ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நீங்கள் சொல்லும் மருந்தோடுதான் எனக்குச் சண்டை.

பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் யார் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 74-ஆவது திருத்தத்தில் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் 18 இனங்கள் இருக்கின்றன. அதில் 12-ஆவது இனம் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம். அதாவது அது நகராட்சி வேலை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் வேலை. நம்மிடம் அந்த மன்றம் எங்கே இருக்கிறது? 1968-க்குப் பிறகு 2006-ல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் தேர்தலே இல்லை. நடத்துங்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் தேதி அறிவித்தார்கள், அதுவும் நின்றுபோனது. இன்று 25 வயதாகும் ஒரு பிள்ளை தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது.

இந்த நிலையில் வாரியம் அமைத்தால் அதில் யார் உட்காருவார்கள்? நியமனம்தான். ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய ஆட்கள். இப்போது அலுவலகத்தைக் கைகாட்டவாவது முடிகிறது. நாளைக்கு 'வாரியமே முடிவெடுத்துவிட்டது' என்று ஒரே வரியில் வாயை அடைப்பார்கள்.

வைத்திக்குப்பத்தான்:
நியமனம்தான் வரும் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் 1883 முதல் பூங்கா வாரியம் இருக்கிறது. ஒன்பது பேர், எல்லாரும் நேரடித் தேர்தலில் வருகிறவர்கள். வரி விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. கனடாவின் வான்கூவரிலும் ஏழு பேரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பூங்கா நிலத்தை விற்பது பற்றியோ ஒரு கட்டடம் எழுப்புவது பற்றியோ பேச்சு வந்தால், ஊர்க்காரர் ஒருவர் நேரே போய் அந்த உறுப்பினர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

உழவர்கரை வாக்காளர்:
நீங்கள் காட்டிய இரண்டு ஊரிலும் ஓட்டுப் பெட்டி இருக்கிறது, ஐயா. சட்டப்படி கட்டாயமான நகராட்சித் தேர்தலையே நடத்தாதவர்கள் பூங்காவுக்கென்று தனித் தேர்தல் நடத்துவார்களா? வான்கூவரில்கூட 2023 டிசம்பரில் மேயரே இந்த வாரியம் வேண்டாம், வேலையை நகர மன்றத்திடமே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார். ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்கிறார்கள், பொறுப்பு யாருடையது என்று தெரியவில்லை என்பது அவர் வாதம். நீங்கள் இங்கே சொன்ன புகாரும் அதேதான்.

உப்பளம் பத்தாம் நம்பர்:
அண்ணன்களே, எங்களுக்கு வேண்டியது பந்து ஒழுங்காக உருள்கிற தரை. மழை விட்டால் ஒரு வாரத்துக்குச் சேறு. வெயில் வந்தால் கல். விழுந்தால் முழங்கால் தோல் உரிகிறது. தனியார் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் திடலில், மணிக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் வாங்குகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பங்கு போட்டு ஆடிவிடுகிறார்கள், குப்பத்துப் பையன்கள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். அவர்களில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசே இரண்டு மூன்று இடத்தில் டர்ஃப் போட்டு ஆளுக்கு 20, 30 ரூபாய் வாங்கட்டும். அந்தப் பணத்தில் பராமரிக்கட்டும். வாரியமோ மன்றமோ, யார் செய்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, உன் முழங்கால் வலி எனக்குப் புரிகிறது, என் பிள்ளையும் ஆடுகிறவன்தான். ஆனால் 20 ரூபாய் என்று தொடங்குவது 20 ரூபாயில் நிற்காது. சென்னையில் என்ன நடந்தது என்று பார். 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடலாம், ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். பின்வாங்கியதால் பிழைத்தது. இல்லாவிட்டால் பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய்.

இன்னொன்று. எங்கள் ஹெலிபேடு மைதானத்தை விடியற்காலையில் வந்து பார். நடக்கிறவர்கள் ஒரு பக்கம், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கம், நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக. யாரும் யாரிடமும் சீட்டுக் கேட்பதில்லை. டர்ஃப் என்றால் முதலில் வேலி வரும், அப்புறம் பூட்டு வரும், அப்புறம் மணிக்கணக்கு வரும். நடக்க வந்த அறுபது வயது அம்மா எங்கே போவார்? செயற்கைப் புல் வெயிலில் கொதிக்கும், நம் ஊர் மே மாதத்தில் மத்தியானம் அதில் கால் வைக்க முடியாது. சில வருடத்தில் தேய்ந்து மறுபடி புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவுக்கு 20 ரூபாய் வசூல் எப்படிக் காணும்?

பெண்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்றால் இரண்டு காரியம் போதும்: நல்ல விளக்கு, தண்ணீர் வருகிற சுத்தமான கழிப்பறை. இந்தப் பேச்சில் இவ்வளவு நேரம் ஒருவர்கூடக் கழிப்பறை என்று எழுதவில்லை. விளக்கு இல்லாத மைதானம் பெண்களுக்கு ஆறரை மணிக்கு மூடிவிடுகிறது. விளையாட்டில் ஆர்வமுள்ள எத்தனை பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றுபோகிறார்கள் என்று எந்த உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

உழவர்கரை வாக்காளர்:
அக்கா சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் அந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்ததால்தான் வெளியே தெரிந்தது. கவுன்சிலர்கள் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள். அதனால்தான் எதிர்ப்பு எடுபட்டது. இங்கே அதே முடிவை ஒரு அதிகாரி கோப்பில் எழுதினால் நமக்கு எப்போது தெரியும்? வேலி போட ஆள் வந்து இறங்கும்போதுதான்.

பெத்தாங் தாத்தா:
பிள்ளைகளே, எல்லாரும் பெரிய திடலையே பேசுகிறீர்கள். பெத்தாங், அதுதான் இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சுக்காரர் விளையாட்டு, அதை ஆட என்ன வேண்டும்? 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், கொஞ்சம் சரளை கலந்த கெட்டி மண். நாங்கள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றபோது இதுதான் மாலைப் பொழுது. இப்போது பையன்களும் நன்றாகவே ஆடுகிறார்கள், போட்டிக்குப் போகிறார்கள். புல் வேண்டாம், வேலி வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் பூங்காவை 'அழகுபடுத்த' ஆள் வந்தால் முதல் வேலையாக அந்த மண்ணில்தான் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் மேல் குண்டு எறிய முடியுமா? எந்த வாரியம் வந்தாலும் சரி, மண்ணை மண்ணாக விட ஒரு விதி எழுதச் சொல்லுங்கள்.

ரெயின்போ நகர் குடித்தனக்காரி:
தாத்தா சொன்ன மண் விஷயம் விளையாட்டோடு முடிவதில்லை. ஃபெஞ்சல் புயலில் 2024 நவம்பர் 30 தொடங்கி ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. சுற்றிலும் சிமெண்டு, டைல்ஸ், கான்கிரீட் தெரு. தண்ணீர் இறங்க இடமே இல்லை. காலியாகக் கிடக்கும் ஒரு மண் திடல் அன்றைக்குச் செய்யும் வேலையை எந்த மோட்டாரும் செய்யாது. பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தில் மண்டபம், அலுவலகம், தண்ணீர் டேங்க், வாகன நிறுத்தம் என்று ஒவ்வொன்றாக வரும்போது நமக்குக் குறைவது விளையாட்டு இடம் மட்டும் கிடையாது.

அதனால் என் ஓட்டு வாரியத்துக்குத்தான். நிலத்தைக் காக்க என்றே ஒரு அமைப்பு வேண்டும். நகராட்சிக்குக் குப்பை, சாக்கடை, வரி என்று ஆயிரம் வேலை. பூங்கா கடைசி வரிசையில்தான் நிற்கும்.

சட்டம் படித்தவன்:
ஒரு வழக்கைச் சொல்கிறேன், இரண்டு தரப்புக்கும் உதவும். பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை 1976-ல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது யார்? நகரத்தின் வளர்ச்சி ஆணையம், மேலிடத்து உத்தரவின் பேரில். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். பூங்கா ஆடம்பரம் இல்லை, அது மக்களுக்கான இடம், அதைத் தனியாருக்குத் திருப்பிவிட அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம்.

குடித்தனக்காரி அம்மா, பூங்கா நிலத்தைக் காத்திருக்க வேண்டிய ஆணையமே கொடுத்துவிட்டது என்பதைப் பாருங்கள். காப்பாற்றியது குடியிருப்பவர்கள்.

வைத்திக்குப்பத்தான்:
அதே வழக்கில் இன்னொன்றையும் பாருங்கள் சார். 1976-லிருந்து 1991 வரை 15 வருடம்! அதற்குள் அங்கே விளையாட வேண்டிய பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். எல்லாக் குடியிருப்பிலும் வழக்கு நடத்தத் தெம்புள்ளவர்கள் இருக்கிறார்களா? முடிவெடுக்கும் அறைக்குள்ளேயே நம் ஆள் ஒருவர் இருந்தால் அந்த உத்தரவு அன்றைக்கே நின்றிருக்கும்.

நம் ஆளை உள்ளே உட்கார வைக்க முன்மாதிரியும் இருக்கிறது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சுண்டல் விற்பவருக்குச் சட்டம் கொடுத்த நாற்காலியை மைதானத்தில் ஓடுகிறவருக்கும் நடக்கிறவருக்கும் கொடுக்கலாமே. வாக்காளர் சொல்வது போல் தேர்தல் வர வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. 2011-லிருந்து காத்திருக்கிறோம். வருகிறவரைக்கும் ஒவ்வொரு திடலாகப் போகட்டும் என்று விட முடியுமா?

உழவர்கரை வாக்காளர்:
சரி, 40 சதவீதக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அப்படி ஒரு குழு வந்தால் இரண்டு நிபந்தனை. நிலத்தைக் குத்தகைக்கு விடவோ வகை மாற்றவோ அதற்கு அதிகாரம் இருக்கக் கூடாது, தடுக்க மட்டும் அதிகாரம் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த மன்றம் உட்காருகிற அன்று அந்தக் குழு கலைய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இது இல்லாமல் 'வாரியம்' என்று மனு எழுதினால் என் கையெழுத்து வராது.

உப்பளம் பத்தாம் நம்பர்:
அக்கா, டர்ஃபை விட்டுவிடுகிறேன். செம்மண் போட்டு ரோலர் ஓட்டி, மழைத் தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் எடுத்துக் கொடுத்தாலே நாங்கள் ஆடிக்கொள்வோம். உங்கள் விளக்கு எங்களுக்கும் வேண்டும். ஆனால் சாயங்காலம் கிரிக்கெட் ஆட்டம் அஞ்சு, நாங்கள் ரெண்டு டீம், நடக்கிறவர்கள் வேறு. யாருக்கு எந்த நேரம் என்று பேசி வைக்க ஒருவர் வேண்டும். இப்போது யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம்.

வைத்திக்குப்பத்தான்:
கலைகிற நிபந்தனைக்குச் சம்மதம். குத்தகை அதிகாரம் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒரு டீக்கடைக்கு இடம் விடுவதற்குக்கூட அதிகாரம் இல்லாத குழுவுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? இதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

சட்டம் படித்தவன்:
நீங்கள் பேசித் தீர்ப்பதற்குள் எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நம்மிடம் பூங்கா நிலங்களின் பட்டியலே இல்லை. எது இருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பது? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டு நகராட்சிக்கும் நகர் அமைப்புத் துறைக்கும் தனித்தனியாக அனுப்புவோம். மனை அங்கீகாரத்தின்போது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிய ஒவ்வொரு இடத்தின் ஆர்.எஸ். நம்பர் (மறு நில அளவை எண்), பரப்பளவு, இப்போது அதில் என்ன இருக்கிறது, யாருக்காவது விட்டிருந்தால் எந்தத் தேதி வரைக்கும். இந்த நாலு கேள்வி போதும். உழவர்கரைக்கு வாக்காளர் சார் அனுப்பட்டும், புதுச்சேரி நகராட்சிக்கு வைத்திக்குப்பத்தார், நகர் அமைப்புக்கு நான். வாசகத்தை இன்றிரவு இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
ஐந்தாவது கேள்வி ஒன்று சேருங்கள். அந்த இடங்களில் எத்தனையில் பெண்களுக்கான கழிப்பறை இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கிறது.