அரசு அலுவலகத்துக்குத் தனி வண்டியில் வருவதைக் குறைக்க எதில் தொடங்குவது?

நிர்வாகப்பிரிவு
சுமார் 400 பேர் வேலை பார்க்கும் அரசு அலுவலக வளாகம். பெரும்பாலோர் கார், பைக்கில் தனித்தனியாக வருகிறார்கள். மாதம் ஒருமுறை 'வாகனமில்லா நாள்' அறிவித்தால் அன்றைக்கு மட்டும் வண்டிகள் குறைகின்றன, மறுநாள் பழையபடிதான். சைக்கிள் ஸ்டாண்டு போட்டாயிற்று, காலியாகக் கிடக்கிறது. ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்றால், பொய்க் கணக்கு எழுதுவார்களே என்று மேலதிகாரிகள் தயங்குகிறார்கள். நிதியும் அதிகமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

தடம்
கணக்கெடுப்பில் தொடங்குங்கள். பெயர் கேட்க வேண்டாம். வீடு இருக்கும் பகுதி, வேலை நேரம், இப்போது எதில் வருகிறார், பகலில் அலுவல் வேலையாக வெளியே போக வண்டி வேண்டுமா, இந்த நான்கும் போதும்.

நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கள ஆய்வுக்குப் போக வேண்டியவர் காலையில் பஸ்ஸில் வரவே மாட்டார். பஸ் பிடிக்காது என்பதல்ல காரணம், பகலில் வண்டி வேண்டும் என்பதுதான். அவர்களுக்கு அலுவலகப் பொதுவண்டி வேண்டும்: சில மின்ஸ்கூட்டர், தூரம் போக ஒரு கார். முன்பதிவு எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். சாவி ஒரு அதிகாரியின் மேசை டிராயருக்குள் போய்விட்டால் திட்டம் அத்தோடு முடிந்தது.

பயணப்படி விதியையும் எடுத்துப் பாருங்கள். சொந்த பைக்கில் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, சைக்கிளில் போனால் ஒன்றுமில்லை என்று இருந்தால், வண்டி கொண்டுவராதவருக்கு நஷ்டம். எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்த விதிதான் ஜெயிக்கும்.

நிழல்மரம்
தடம் சொன்னதோடு இன்னொன்று: இலவச பார்க்கிங். வண்டியில் வருபவருக்கு மட்டும் அலுவலகம் தரும் மறைமுகச் சலுகை அது.

கலிபோர்னியாவில் 1992-ல் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு எடுத்த பார்க்கிங் இடத்தை ஊழியருக்கு இலவசமாகத் தரும் குறிப்பிட்ட நிறுவனங்கள், இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தர வேண்டும். நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் அப்படிச் செய்த 8 நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாகக் காரில் வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 ஆகக் குறைந்திருந்தார்கள். யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

கட்டணம் வைப்பதாக இருந்தால் மாதக் கட்டணம் வைக்காதீர்கள். மாதத்துக்குக் கட்டியவர், 'கட்டியாயிற்றே' என்று தினமும் வண்டி எடுப்பார். நாள் கணக்கில் வசூலித்தால் வாரம் இரண்டு நாளாவது பஸ்ஸில் வர மனம் வரும். வாசலை ஒட்டிய இடங்களை மூன்று பேராகச் சேர்ந்து வரும் கார்களுக்கு ஒதுக்குங்கள், அதிகாரிகளின் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு. அங்கேதான் எதிர்ப்பு வரும், ஊழியர்கள் நம்புவதும் அதைப் பார்த்துத்தான்.

நிர்வாகப்பிரிவு
நன்றி. பொய்க் கணக்குக்கும் ஸ்டாண்டுக்கும் என்ன செய்வது?

இருசக்கரம்
பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கு 2020 முதல் இப்படி ஊக்கத்தொகை தருகிறது. 2022-ல் மாற்றிய விதிப்படி, சைக்கிளிலோ காரைப் பகிர்ந்தோ ஆண்டுக்கு 30 நாள் வந்தால் 100 யூரோ, 60 நாளுக்கு 200, 100 நாளுக்கு 300. ஊழியர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிதான் ஆதாரம், அலுவலகம் சரிபார்க்கலாம். தொகை சிறியது, படிநிலையாக இருக்கிறது, அதனால் ஏமாற்றிப் பெரிதாக லாபமில்லை. ஜிபிஎஸ் செயலி வைத்துக் கண்காணிக்கப் போகாதீர்கள். நேர்மையானவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

ஸ்டாண்டு முன்சக்கரத்தைச் செருகும் வகையா? அதுதான் சிக்கல். சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளையும். பூட்டுவதும் சக்கரத்தை மட்டும்தான், சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதியைத் தூக்கிப் போகலாம். தலைகீழ் 'ப' வடிவக் குழாயைத் தரையில் கான்கிரீட்டில் பதியுங்கள். உயரம் சுமார் 75 செ.மீ., இரண்டு குழாய்க்கு நடுவே 1 மீட்டர். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும், பிரேமோடு சேர்த்துப் பூட்டலாம். மேலே கூரை வேண்டும், காவலாளியின் பார்வையில் இருக்க வேண்டும், கார் நிற்கும் இடத்தைவிட வாசலுக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு காற்றுப் பம்பும் உடை மாற்ற ஓர் அறையும் தேவை. மின்சைக்கிள் பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியிலோ வெளியேறும் வழியிலோ சார்ஜ் போட விடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியே அடைபடும்.

தடம்
வருகைப்பதிவையும் கவனியுங்கள். பஸ் பத்து நிமிடம் தாமதமானதற்கு அரை நாள் விடுப்பு வெட்டினால் அடுத்த மாதமே பைக் வாங்கிவிடுவார். காலையில் அரை மணி நேரம் முன்பின் வர அனுமதித்து, மாலையில் அதை ஈடுகட்டச் சொல்லலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்ப வேண்டியவருக்கு அலுவலகச் செலவில் டாக்சி என்று எழுத்தில் கொடுங்கள். அடிக்கடி கேட்க மாட்டார்கள், ஆனால் அந்த உறுதி இல்லாமல் பெற்றோர்கள் வண்டியை விடுவதில்லை.

இடமாற்றம் பெற்று வருபவருக்குப் பணியேற்கும் அன்றே பஸ் எண், நேரம், அதே பகுதியிலிருந்து காரைப் பகிரத் தயாராக இருப்பவர்கள் பட்டியல் எல்லாம் கையில் போய்ச் சேரட்டும். அவருக்கு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை. மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.