பாலாற்றில் குரோமியம் தேடியவர்களின் அனுபவம்

வேலூர் உறுப்பினர்:
வேதியியல் முதுகலையில் என் ஆய்வு பாலாற்றின் கன உலோகங்கள் பற்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வழி நெடுகத் தோல் பதனிடும் ஆலைகள் இருப்பதால் முதலில் தேடியது குரோமியத்தை.

எங்கள் பேராசிரியர் கருவியைத் தொட விடுவதற்கு முன்பு பாட்டில் கழுவத்தான் கற்றுக்கொடுத்தார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அயனி நீக்கிய தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். குடிநீரில் குரோமியத்துக்கு நம் நாட்டுத் தர எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. இவ்வளவு நுணுக்கமாகத் தேடும்போது பாட்டிலில் ஒட்டிய அழுக்கே முடிவை மாற்றிவிடும்.

ஆற்றங்கரையிலேயே தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் சேர்ப்போம். இல்லையென்றால் கரைந்திருக்கும் உலோகம் பாட்டில் சுவரில் படிந்துவிடும். ஆனால் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறக் குரோமியத்துக்கான (Cr⁶⁺) பாட்டிலில் மட்டும் அமிலம் விடவே கூடாது. அமிலத்தில் அது மூன்று இணைதிற வடிவத்துக்கு (Cr³⁺) மாறக்கூடும். புற்றுநோய் தரக்கூடிய வடிவம் கணக்கிலேயே வராமல் போய்விடும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிப்போம். அதைக் காட்டிக்கொடுக்கும் டைஃபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் செவ்வூதா நிறம் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். அந்தத் தண்ணீரை நம்பி ஊர்கள் இருக்கின்றனவே.

தண்ணீரில் எல்லைக்குள் இருந்த இடத்திலும் அடிமண்ணில் குரோமியம் ஏகமாக இருந்தது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறக் குரோமியம், நடுநிலை நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்து களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெள்ளம் வந்த வாரத்தில் தண்ணீர் மட்டும் எடுத்து 'ஆறு சுத்தம்' என்று எழுதும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். வண்டலையும் சோதிக்க வேண்டும். ஆறு ஆலைகளை எட்டுவதற்கு முன்புள்ள, பாதிப்பில்லாத இடத்து மண்ணோடு ஒப்பிடவும் வேண்டும்.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
அக்கா சொல்வது சரி. எங்கள் பக்கம் ஆற்றில் வருடத்தில் பெரும்பாலும் மணல்தான், தண்ணீர் கிணற்றில்தான். தெருவில் ஒருவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு "அளவு குறைவுதான், குடிக்கலாம்" என்றார். அந்த மீட்டர் மின்கடத்துதிறனை வைத்து மொத்த உப்பைத்தான் மதிப்பிடும், 0.05 மில்லிகிராம் குரோமியம் அதில் தெரியவே தெரியாது. எத்தனை வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைத்திருப்பேன்!

இங்கே 1995-இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. தோல் ஆலை மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. ஆனால் நிலத்தடிக்குள் இறங்கிய குரோமியம் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் கிணற்றை எப்படிச் சோதிப்பது அக்கா?

வேலூர் உறுப்பினர்:
மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபிறகு பிடியுங்கள் தம்பி. மொத்தக் குரோமியத்துக்கு ஒன்று, ஆறு இணைதிறத்துக்கு ஒன்று என இரண்டு பாட்டில். கூடவே அயனி நீக்கிய நீரையும் ஒரு பாட்டிலில் கிணற்றடியில் திறந்து ஊற்றி அனுப்புங்கள். அதிலும் குரோமியம் வந்தால் கோளாறு பாட்டிலிலோ ஆய்வகத்திலோ இருக்கிறது. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை எடுங்கள்.