ஹிட்லர் காலத்து மலிவு ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் கேட்காதா?

கலங்கரை: நாஜி ஜெர்மனியில் விற்ற ‘மக்கள் ரேடியோ’வில் உள்ளூர் நிலையங்கள் மட்டுமே கேட்கும்படி செய்துவிட்டார்கள் என்று பல இடங்களில் படிக்கிறேன். உள்ளே அப்படி என்ன தடுப்பு இருந்தது? தடுப்பு இல்லையென்றால், வானொலியை எப்படித் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள்?

வால்வுப்பெட்டி: தடுப்பு என்று தனியாக ஒரு பாகமும் கிடையாது. விலையைக் குறைத்ததால் வந்த குறைதான் அது. 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமான முதல் மக்கள் ரேடியோ விஇ 301-இன் விலை 76 மார்க். ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐத்தான் அந்த 301 குறிக்கிறது. 1938-இல் 35 மார்க்குக்கு இன்னும் சிறிய பெட்டி வந்தது.

விஇ 301-இன் மெயின்ஸ் (வீட்டு மின்சாரத்தில் ஓடும்) மாடலில் மூன்றே வால்வு, அதிலும் ஒன்று மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர். நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ட்யூனிங் சுற்று ஒன்றுதான். மத்திய அலை, நீள் அலை உண்டு; சிற்றலை இல்லை. ஒரே சுற்று என்பதால் அருகிலுள்ள நிலையம் மற்றவற்றை அமுக்கிவிடும்.

ஆனால் நீளமான வெளி ஏரியல் கட்டி, இருட்டிய பிறகு, சிக்னலைத் திரும்ப ஊட்டிப் பெருக்கும் ரியாக்‌ஷன் குமிழை மெல்லத் திருகினால் தூரத்து நிலையங்களும் வரும். மத்திய அலை இரவில்தான் வெகுதூரம் போகும். குமிழைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் பெட்டி ஊளையிடும். அந்த ஊளை ஏரியல் வழியே வெளியேறி, பக்கத்து வீட்டு ரேடியோவிலும் விசிலாகக் கேட்கும். வெளிநாட்டு நிலையம் கேட்பது குற்றமான 1939-க்குப் பிறகு அது உயிருக்கே ஆபத்து.

மேடையும்மைக்கும்: பெட்டியை விட, பேச்சை எங்கே வைப்பது என்பதில்தான் அவர்கள் அதிகம் கவனம் செலுத்தினார்கள். 1933 பிப்ரவரி 1 அன்று ஹிட்லர் ஸ்டுடியோவில் வாசித்த உரை எடுபடவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்தைப் பார்த்துக் குரலை ஏற்றுகிறவருக்கு ஆளில்லாத அறையில் பிடி கிடைக்கவில்லை. பிப்ரவரி 10 அன்று பெர்லின் ஷ்போர்ட்பலாஸ்ட் அரங்கிலிருந்து பேச வைத்தார்கள். முதலில் கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸ் மைக்கைப் பிடித்து, அரங்கம் நிரம்பி வழிவதை வர்ணித்தார். தலைவர் வந்தது அதற்குப் பிறகுதான். வீட்டில் இருப்பவர் காதில் முதலில் விழுந்தது கூட்டத்தின் சத்தம்.

அதே ஆண்டு நவம்பர் 10 அன்று ஹிட்லர் பெர்லின் சீமென்ஸ் ஆலையில் பேசினார். பகல் 1 மணிக்குச் சங்கு ஊத, நாடெங்கும் வேலை நின்றது. ஆலைகளுக்கென்று பின்னர் வந்த ரேடியோவுக்கு அந்தத் தேதியை வைத்தே டிஏஎஃப் 1011 என்று பெயரிட்டார்கள் (டிஏஎஃப் என்பது நாஜிகளின் தொழிலாளர் அமைப்பு). வீட்டில் பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். ஆலைக்கூடத்தில் எழுந்து போனால் யார் போனார் என்று எல்லோருக்கும் தெரியும். என் கணிப்பில், கூட்டாகக் கேட்க வைத்ததன் முழுப் பலனும் இங்கேதான்.

இதிலும் ஒரு கோளாறு நேர்ந்தது. அந்த முதல் ஆண்டில் ஹிட்லரின் உரைகள் மட்டும் ஏறத்தாழ 50 ஒலிபரப்பாயின. ஓயாத உரை சலிப்பூட்டும் என்பதால் பேச்சைக் குறைத்து இசையைக் கூட்டினார்கள். இசைக்காகத் திறந்து வைத்த பெட்டியில் இடையிடையே செய்தி வரும்.

கலங்கரை: அப்படியானால் வெளிநாட்டு நிலையங்களைத் தடுத்தது சட்டம்தானா?

வால்வுப்பெட்டி: ஆமாம். 1939 செப்டம்பர் 1 தேதியிட்ட ஆணை. கேட்டால் கடுங்காவல், கேட்டதை வெளியே பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். வெளிநாட்டு நிலையம் கேட்பது குற்றம் என்று அச்சிட்ட சிறு அட்டையை ட்யூனிங் குமிழில் மாட்டி வைத்தார்கள். கை அங்கே போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

வீடு வீடாகப் போய்ச் சோதிக்க ஆள் போதாது. அதனால் அண்டை அயலார், சில வீடுகளில் சொந்தக்காரர்களே, காட்டிக்கொடுத்ததை நம்பியே வழக்குகள் நடந்தன. போர்க்காலத்தில் பிபிசியின் ஜெர்மன் ஒலிபரப்பு முரசு அடியோடு தொடங்கும். முரசின் அடித்தொனி சுவரைத் தாண்டிக் கேட்கும் என்பதால் பெட்டிமேல் போர்வையைப் போட்டு, காதை ஒட்டி வைத்துக் கேட்டார்கள். முடிந்ததும் முள்ளை உள்ளூர் நிலையத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அணைப்பார்கள்.