காலிக் கோட்டைக்குப் போகத்தான் வேண்டுமா?

கடற்காகம்:
போன மாதம் இலங்கையின் தெற்கே உள்ள காலிக் கோட்டைக்குப் போய் மனம் நொந்து திரும்பினேன். பழைய வாசலின் உட்புறம் ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், கீழே 1669 என்ற ஆண்டு. வெளிப்புறம் ஆங்கிலேய முடியின் சின்னம். சனம் அங்கே சிரித்தபடி படம் எடுக்கிறது. ஒல்லாந்தர் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஊர் இது. அதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. தெருவெல்லாம் நகைக்கடை, விடுதி. இதற்காக யாரும் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

மாமிவீட்டுப் பிள்ளை:
அண்ணன், அடிமைகள் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது சின்னங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் இல்லை. எங்கள் மாமி லெயின்பான் தெருவில் இருக்கிறார். வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் மீரான் பள்ளிவாசல், தூரத்தில் பார்த்தால் தேவாலயம் மாதிரி. அங்கே தொழ வருகிறவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். 2004 சுனாமியில் மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாகின. கோட்டைக்குள் இருந்தவர்களை அந்த மதில்தான் காத்தது. மாமி இன்றும் சாயந்தரம் மதிலில் நடக்கும்போது அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். கம்பெனி கட்டியது என்பதற்காக அவரிடம் போய் அதை வெறுக்கச் சொல்ல முடியுமா?

கடற்காகம்:
முடியாது. சரி, மாமி வீட்டுக்கு இரண்டு பக்கமும் இப்போது யார்?

மாமிவீட்டுப் பிள்ளை:
ஒரு பக்கம் விடுதி. மறுபக்கம் விற்றுவிட்டார்கள், பூட்டிக் கிடக்கிறது.

கடற்காகம்:
என் கவலையே அதுதான் தம்பி. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது நல்லதுதான். ஆனால் குடியிருந்தவர்கள் போய்விட்டால் அப்புறம் யாருக்காகக் காக்கிறோம்? நாம் கூட்டமாகப் போகப் போக வீட்டு விலையும் ஏறுகிறது.

தெற்குவாசல்:
இடையில் ஒன்று. இருவரும் கோட்டையிலிருந்தே கதையைத் தொடங்குகிறீர்கள். போர்த்துக்கேயர் அங்கே அரண் எழுப்பியது 1588இல். துறைமுகம் அதற்கும் மூத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அந்தக் கல் மதகை மூடிக் கிடந்தது! இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காலிக்குப் போங்கள்.

கடற்காகம்:
அந்தக் கல் காலியிலேயே, வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

மாமிவீட்டுப் பிள்ளை:
உப்புக் காற்றில் எழுத்து இன்னும் தேயும் அண்ணன், அது கொழும்பிலேயே இருக்கட்டும். பிள்ளைகளோடு வாருங்கள், விடுதி வேண்டாம். மாமி வீட்டுத் திண்ணையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் மதிலைச் சுற்றி வரலாம்.